பிரசவப் பையில் ஒரு பழைய வேட்டி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கரியாஹாட் நாற்சந்திக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு பக்கம் புடவைக் கடைகள், இன்னொரு பக்கம் மீன் மார்க்கெட், நடைபாதை முழுக்கத் தார்ப்பாய் போட்ட கடைகள். அதற்குள் எட்டு மாத வயிற்றோடு ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவது என்பது, கேஷ் டேலி ஆகாத அன்றைக்கு ஆடிட்டர் வந்து நிற்கிற மாதிரி. அவ்வளவு படபடப்பு எனக்கு.

கூட வந்தது எங்கள் மாடியில் கடைசி வீட்டில் இருக்கும் பெண். பெயர் வேண்டாம், மதுரைக்காரி என்றே வைத்துக்கொள்வோம். சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலை. முதல் பிரசவம். ஊருக்குப் போய்விடலாம் என்றுதான் இருந்தாள். அந்த நேரம் பார்த்து அவள் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டார்கள். அதனால் பிரசவம் இங்கேயே என்று முடிவாகிவிட்டது. புருஷன் நல்ல பையன். வாங்க வேண்டிய சாமானுக்கெல்லாம் எக்ஸெல் ஷீட் போட்டு வைத்திருக்கிறான். ஆனால் எந்தத் துணியை எதற்கு வாங்குவது என்று ஷீட் சொல்லாதே!

"அக்கா, ஆஸ்பத்திரியில ஒரு லிஸ்ட் குடுத்துட்டாங்க. முப்பத்தோரு ஐட்டம் இருக்கு. கொஞ்சம் கூட வாங்கக்கா" என்றாள். போனேன்.

நான்கு சாமான் வாங்கியிருப்போம். ஊரிலிருந்து மாமியார் போன். "பிள்ள பொறக்குறதுக்கு முன்னாடி எதுவும் வாங்கக்கூடாதும்மா. ஆகாது" என்று சொல்லிவிட்டார்கள். இவள் முகம் அப்படியே சுருங்கிவிட்டது. "அக்கா, என்னக்கா செய்ய?" என்று என்னைப் பார்க்கிறாள்.

"அதெல்லாம் மூடநம்பிக்கை, நீ வாங்கும்மா" என்று சொல்லியிருக்கலாம்தான். எனக்கு வாய் வரவில்லை. எங்க ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது.

எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். ஆச்சிக்கு ஒன்பது பிரசவம், தங்கினது ஐந்து. எங்கப்பாவுக்கு அடுத்துப் பிறந்த தம்பி, 1950-களின் தொடக்கத்தில், எட்டாம் நாள் போய்விட்டான். "அஞ்சு நாளு நல்லா பால் குடிச்சான்ட்டி. ஆறாம் நாளு வாயத் தொறக்க முடியல. அப்புறம் ஒடம்பு வில்லு மாதிரி வளைஞ்சிட்டு. ஜன்னி" என்று ஆச்சி சொல்வாள். அழமாட்டாள். வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரி சொல்வாள். அந்தப் பிள்ளைக்குப் பேர் கூட வைக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் பிரசவத்துக்கும் முன்கூட்டி ஒரு சின்னச் சட்டை கூட வாங்க ஆச்சி விட்டதில்லை.

நான் படித்தது பி.காம்., டாக்டருக்குப் படிக்கவில்லை. ஆனால் வங்கியில் இருபது வருஷம் குப்பை கொட்டியதில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒரு பெரிய நஷ்டக் கணக்கைப் பார்த்தால், எங்கே ஆரம்பித்தது, எப்போது அடைந்தது என்று பழைய லெட்ஜரைப் புரட்டாமல் தூக்கம் வராது. ஆச்சியின் அந்த எட்டாம் நாள் கணக்கையும் இப்படித்தான் ரொம்ப நாளாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் பாதி விடை நான் குடியிருக்கும் இந்தக் கல்கத்தாவிலேயே கிடைத்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்தக் காலத்தில் பிரசவத்துக்கு யாரும் பை கட்டவில்லை. எங்கேயும் போகவில்லையே, எதற்குப் பை? வங்காளத்தில் பிரசவத்துக்கென்று தனி இடம் உண்டு. 'ஆத்தூர் கர்' என்பார்கள். (நம்ம சேலம் ஆத்தூருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) பெரும்பாலும் முற்றத்தின் ஓரமாக ஒரு குடிசை, இல்லாவிட்டால் வீட்டிலேயே மோசமான, ஈரமான, வெளிச்சம் வராத அறை. உள்ளே கணப்பு எரிந்துகொண்டிருக்கும். புகை போக வழி இருக்காது. காரணம் நமக்கும் தெரிந்ததுதான், தீட்டு. அந்த அறைக்குள் போகிற பாயிலிருந்து துணி வரை எதுவும் திரும்ப வீட்டுக்குள் வராது, தூக்கி எறிந்துவிட வேண்டும். தூக்கி எறியப்போகிற துணிக்கு நல்ல துணியை யார் கொடுப்பார்கள்? வீட்டில் இருப்பதிலேயே ரொம்பக் கிழிந்தது, ரொம்ப அழுக்கானதுதான் அங்கே போகும்.

தொப்புள்கொடி அறுக்கிற வேலையும் தீட்டு வேலை. அதைச் செய்ய 'தாய்' எனப்படும் மருத்துவச்சி வருவாள். பெரும்பாலும் ஊர் ஒதுக்கி வைத்த சாதிகளைச் சேர்ந்த ஏழைப் பெண். கையில் கிடைத்த மூங்கில் பிளாச்சோ கத்தியோ வைத்து அறுப்பாள். நம் பக்கமும் பெரிய வித்தியாசமில்லை. நாவிதர் குடும்பத்துப் பெண்கள்தான் மருத்துவச்சிகள். அனுபவமும் கைராசியும் நிறைய இருந்தது. கிருமி என்ற ஒன்று இருப்பது மட்டும் தெரியாது. அவளுக்கு மட்டுமா தெரியாது? அன்றைக்கு உலகத்தில் யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் ஐரோப்பாவுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். இல்லாவிட்டால் அழுக்கெல்லாம் நம் ஊரில் மட்டும்தான் இருந்தது என்று ஆகிவிடும்.

1840-களில் வியன்னாவின் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். மற்றதில் மருத்துவச்சிகள். எந்த வார்டில் தாய்மார்கள் அதிகம் செத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? டாக்டர்கள் வார்டில்! அங்கே போட்டுவிடாதீர்கள் என்று கர்ப்பிணிகள் காலில் விழுந்து அழுவார்களாம். இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் மண்டையை உடைத்துக்கொண்டு காரணம் தேடினார். 1847-ல் அவருடைய நண்பரான ஒரு டாக்டர், பிணப்பரிசோதனையின்போது கத்தி கீறி, பிரசவக் காய்ச்சல் மாதிரியே அறிகுறிகள் கண்டு இறந்துபோனார். செம்மல்வைஸுக்குப் பொறி தட்டியது. டாக்டர்கள் பிணத்தை அறுத்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்க வருகிறார்கள், மருத்துவச்சிகள் பிண அறைக்கே போவதில்லை. குளோரின் கலந்த நீரில் கை கழுவிவிட்டுத்தான் வார்டுக்குள் வர வேண்டும் என்று அந்த மே மாதம் உத்தரவு போட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் இறந்த அந்த வார்டில் ஜூனில் நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது.

பரிசு கொடுத்தார்களா என்றால் இல்லை. "எங்கள் கை அழுக்கா?" என்று பெரிய டாக்டர்களுக்குக் கோபம். 1865-ல் ஒரு மனநலக் காப்பகத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் பாஸ்டர், லிஸ்டர் வேலைகளால் உலகம் கிருமியை நம்ப ஆரம்பித்தது.

ஆக, 'ஆஸ்பத்திரி என்றால் பத்திரம்' என்பது ஆதியிலிருந்தே உண்மையாக இருந்த விஷயமில்லை. அதைச் சோப்பும் தண்ணீரும் போட்டு உண்மையாக்க வேண்டியிருந்தது.

சரி, நம் ஊருக்கு வருவோம். சென்னையில் பிரசவ ஆஸ்பத்திரி 1844-லேயே வந்துவிட்டது. இன்றைக்கும் எழும்பூரில் நடக்கும் அரசு தாய்சேய் மருத்துவமனைதான் அது. இங்கே கல்கத்தா மெடிக்கல் காலேஜ் 1835-ல் ஆரம்பித்தது. பிரசவத்துக்கென்றே ஈடன் ஆஸ்பத்திரி 1880-களின் தொடக்கத்தில் அதன் வளாகத்தில் எழுந்தது. கட்டிடம் வந்துவிட்டது, பெண்கள் வரவேண்டுமே? ஆண் டாக்டர் தொட்டுப் பார்ப்பதை விடச் சாவதே மேல் என்று நினைத்த குடும்பங்கள் ஏராளம். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் தங்கள் மனைவிகளின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்து, ஆண் டாக்டர் என்றதும் மறுத்துத் திரும்பிப் போய், மூன்று பெண்களும் இறந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைப் பார்த்த ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்து 1900-ல் வேலூருக்கு வந்தார். இன்றைய சி.எம்.சி. அப்படித்தான் தொடங்கியது.

ஆக, தேவை பெண் டாக்டர்கள். இதில் நம் மெட்ராஸ் கொஞ்சம் முந்திக்கொண்டது. 1875-லேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட பெண்களை மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் சேர்த்துக்கொண்டது. அவர் முன்னின்று 1885-ல் தொடங்கியதுதான் கோஷா ஆஸ்பத்திரி, திருவல்லிக்கேணியில் இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. அதே 1885-ல் வைஸ்ராயின் மனைவி லேடி டஃபரின், இந்தியப் பெண்களுக்குப் பெண்களே வைத்தியம் பார்க்க ஒரு நிதியைத் தொடங்கினார். அந்த நிதியில் நாடு முழுக்க ஆஸ்பத்திரிகள் வந்தன. கல்கத்தாவிலும் ஒன்று.

அந்த லேடி டஃபரின் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்தான் காதம்பினி கங்கூலி. 1880-களின் தொடக்கத்தில் சந்திரமுகி பாசுவோடு சேர்ந்து நாட்டின் முதல் பெண் பட்டதாரிகள் ஆனவர். பிறகு கல்கத்தா மெடிக்கல் காலேஜில் போராடி இடம் வாங்கி, 1886-ல் டாக்டராக வெளியே வந்தார். 1893-ல் பிரிட்டன் போய் மேலும் மூன்று தகுதிகள் வாங்கிவந்தார். வீட்டில் அவர் வளர்த்தது எட்டுக் குழந்தைகளை! ராத்திரி நேரத்தில் வண்டி ஏறிப் பிரசவம் பார்க்கப் போகிற பெண்ணை ஊர் சும்மா விடுமா? 'பங்கபாசி' என்ற பத்திரிகை அவரை நடத்தை கெட்டவள் என்ற பொருளில் எழுதியது. கணவர் துவாரகாநாத் கங்கூலி வழக்குப் போட்டு, பத்திரிகை ஆசிரியருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். நான் தினமும் பஸ்ஸில் போகும் இந்த ஊர்த் தெருக்களில் அந்த வண்டி ஓடியிருக்கும் என்று நினைக்கும்போது ஒரு மரியாதை வருகிறது.

ஆனால் ஊருக்கு நாலு பெண் டாக்டர் வந்தால் போதுமா? பிரசவத்தில் பெரும்பகுதி ஆத்தூர் கர்களில்தான் நடந்துகொண்டிருந்தது. 1903-ல் லேடி கர்சன், மருத்துவச்சிகளுக்கே பயிற்சி கொடுக்க இன்னொரு நிதியைத் தொடங்கினார். அந்த நிதியின் சார்பில் 1918-ல் இந்தியாவில் பிரசவ நிலைமைகளை மேம்படுத்துவது பற்றி ஒரு தொகுப்பு கல்கத்தாவில் அச்சானது. பல ஊர்களில் வேலை பார்த்த பெண் டாக்டர்கள் கண்ணால் கண்டதை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூடிய அறை, புகை, கழுவாத கை. எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருவது அழுக்குக் கந்தல். எழுதியவர்களில் பலர் மருத்துவச்சியைத்தான் திட்டினார்கள். எனக்கென்னவோ அது பாதி நியாயம்தான் என்று படுகிறது. கந்தலை எடுத்துக் கொடுத்தது அவள் இல்லையே, வீட்டுக்காரர்கள்தானே?

இப்போது எங்க ஆச்சியின் எட்டாம் நாளுக்கு வருகிறேன்.

பிறந்த நாலைந்து நாள் கழித்துப் பிள்ளை வாய் திறக்க முடியாமல், உடம்பு வில்லாக வளைந்து போவதற்கு வங்காளத்தில் 'பேஞ்சோ பிடித்துவிட்டது' என்பார்கள். பேஞ்சோ என்பது ஒரு துஷ்ட தேவதை. எங்கள் கிளையில் ரிட்டயர் ஆகிப்போன ஒரு வங்காளிப் பெரியவர்தான் இதை எனக்குச் சொன்னார். அவருடைய பாட்டி வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் அப்படிப் போனதாம். ஆறாம் நாள் இரவு சஷ்டி தேவிக்குப் பூஜை செய்து, விதாதா வந்து தலையெழுத்தை எழுதுவார் என்று பிள்ளை தலைமாட்டில் பேனாவும் மையும் வைப்பது இங்கே வழக்கம். ஆறாம் நாளைத் தாண்டுவது அவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கிறது. நம் பக்கம் பேர் சூட்டுவதைப் பத்து, பதினாறு நாள் தள்ளி வைப்பதிலும், முன்கூட்டி எதுவும் வாங்காதே என்பதிலும் இதே பயம் கொஞ்சம் ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். தங்குமோ தங்காதோ என்று தெரியாத பிள்ளைக்குச் சட்டை வாங்கி வைத்து, அது போன பிறகு அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க எந்தத் தாயால் முடியும்?

அந்தப் பேஞ்சோவின் நிஜப் பெயர் டெட்டனஸ். வங்காளியில் தனுஷ்டங்கார், நம் ஊரில் ரணஜன்னி. அந்தக் கிருமியின் விதைகள் மண்ணில் இருக்கும், மாட்டுச் சாணத்தில் இருக்கும், வருஷக்கணக்கில் சாகாது. அறுத்த தொப்புள்கொடி ஒரு திறந்த காயம். அழுக்குக் கத்தி, அழுக்கு நூல், அழுக்குத் துணி, மேலே அப்பும் சாம்பல் அல்லது சாணம், இதில் ஏதோ ஒன்றின் வழியாக உள்ளே போய்விடும். அறிகுறி தெரிய நாலைந்து நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். எட்டாம் நாள் கணக்கு அங்கேதான் டேலி ஆகிறது.

இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்குத்தான் ஆச்சி சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு உறைத்தது. தீட்டுத் துணியை நாலு பேர் கண்ணில் படக் காயப்போடக் கூடாதாம். அதனால் வெயில் படாமல், வீட்டுக்குப் பின்னால், தொழுவத்துச் சுவர் மேல் காயப்போடுவார்களாம். மாட்டுத் தொழுவம்! ஆச்சி உயிரோடு இருந்தபோது இதை நான் அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

1988-ல் கூட இந்த நோயால் உலகம் முழுக்கச் சுமார் 7,87,000 பச்சைக் குழந்தைகள் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அடுத்த ஆண்டு இதை ஒழிப்பது என்று உலக நாடுகள் கூடி முடிவு செய்தன. செய்தது என்ன பெரிய மந்திரம்? கர்ப்பிணிக்கு டெட்டனஸ் ஊசி. அப்புறம், சுத்தமான கை, சுத்தமான இடம், சுத்தமான பிளேடு, சுத்தமான நூல், சுத்தமான தொப்புள். ஐந்து சுத்தங்கள் என்று இதைக் கிராமம் கிராமமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். 1992-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் வீட்டுப் பிரசவங்களுக்கு ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தார்கள். சோப்பு, புது பிளேடு, நூல், விரிக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட், இப்படி. என்னைக் கேட்டால், நாம் இன்று கட்டும் பிரசவப் பைக்குப் பாட்டி அந்தப் பொட்டலம்தான். 2015-ல், தாய்க்கும் பச்சைக் குழந்தைக்கும் வரும் டெட்டனஸ் இந்தியாவில் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது என்று பொருள். ஊரில் யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. நான் அன்றைக்கு ஆச்சி படத்துக்கு ஒரு முழம் பூ கூடுதலாக வாங்கிப் போட்டேன்.

இதற்குள் பிரசவம் வீட்டை விட்டு ஆஸ்பத்திரிக்கு இடம் மாறிவிட்டது. கரியாஹாட்டிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்திலேயே இந்தக் கதையின் இரண்டு அத்தியாயங்கள் இருக்கின்றன. தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் 1925-ல் காலமானார். பவானிப்பூரில் இருந்த அவருடைய வீட்டில் 1926-ல் பெண்களுக்காக ஆரம்பித்ததுதான் சித்தரஞ்சன் சேவா சதன். இன்னொன்று சரத் போஸ் ரோட்டில். ராமகிருஷ்ண மிஷனைச் சேர்ந்த சுவாமி தயானந்தா அமெரிக்காவில் சில வருஷம் இருந்தபோது அங்கே தாய்சேய் நலத்துக்கு எடுக்கும் அக்கறையைப் பார்த்துவிட்டு வந்து, 1932-ல் சிசுமங்கள் பிரதிஷ்டான் என்று சிறிய அளவில் தொடங்கினார். 1939-ல் இப்போதைய இடத்துக்கு வந்தது. பின்னாளில் எல்லா நோய்க்குமான பெரிய ஆஸ்பத்திரியாகிப் பெயரும் மாறிவிட்டது. ஆனாலும் ஆட்டோக்காரரிடம் 'சிசுமங்கள்' என்றால்தான் சட்டென்று புரியும்.

கணக்குப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்றேனே, இதோ. 2005-06-ல் இந்தியாவில் நூறு பிரசவத்தில் 39-தான் ஆஸ்பத்திரியில் நடந்தன. 2019-21-ல் அது 89. மேற்கு வங்கத்தில் 42 என்றிருந்தது 92 ஆனது. தமிழ்நாட்டில் அப்போதே 88, பிறகு கிட்டத்தட்ட 100. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் மட்டும் எல்லாம் முடிந்துவிடாது. 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் பிரசவத்துக்கு இறக்கும் தாய்மார்கள் தமிழ்நாட்டில் 54, மேற்கு வங்கத்தில் 103. இரண்டு எண்ணுமே பூஜ்ஜியம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பையையே அரசாங்கம் கொடுக்கும் காலமும் வந்தது. பின்லாந்தில் 1938-லேயே ஏழைத் தாய்மார்களுக்குக் குழந்தைத் துணிகள் அடங்கிய பெட்டி கொடுத்தார்கள். 1949 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும். ஒரே ஒரு நிபந்தனை, நாலு மாதத்துக்குள் டாக்டரையோ நர்ஸையோ போய்ப் பார்த்திருக்க வேண்டும். நம் தமிழ்நாட்டில் 2015-ல் அரசு ஆஸ்பத்திரிகளில் அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம் வந்தது. பதினாறு பொருட்கள். குழந்தைக்குத் துண்டு, உடை, படுக்கை, கொசுவலை, சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை. தாய்க்குக் கை கழுவும் திரவமும் சௌபாக்கிய சுண்டி லேகியமும். வியன்னாவில் செம்மல்வைஸ் கெஞ்சிக் கேட்ட கை கழுவலும், நம் பாட்டிமார் கிண்டிய லேகியமும் ஒரே பைக்குள்! பெயர், கட்சி எல்லாம் இருக்கட்டும், அந்தப் பட்டியலை எழுதின அதிகாரி யாரோ, அவர் வீட்டில் ஒரு நல்ல பாட்டி இருந்திருக்க வேண்டும் :-)

என் கதைக்கும் கொஞ்சம் வருகிறேன். என் மகள் பிறந்ததும் இந்த ஊரில்தான். எங்கம்மா கோரமண்டல் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியபோது, ஒரு துணிப்பை நிறைய அப்பாவின் பழைய வேட்டிகள். நாலு நாலாகக் கிழித்து, கொதிக்க வைத்து, மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டு, இஸ்திரி போட்டு, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். நான் சேர்ந்திருந்த ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு "இதெல்லாம் என்ன, பழைய துணியா?" என்று மூக்கைச் சுளித்தாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. அம்மா தமிழிலேயே பதில் சொன்னார்கள். "பழசுதான். அழுக்கு இல்ல." அந்த நர்ஸுக்கு என்ன புரிந்ததோ, ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். புதுத்துணியில் கஞ்சி இருக்கும், பிள்ளைக்கு உறுத்தும். நூறு தடவை துவைத்த வேட்டி மாதிரி மெத்து வேறு எதிலும் வராது.

நூற்றைம்பது வருஷக் கதையை இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது. பழசு வேறு, அழுக்கு வேறு. தீட்டு என்ற பெயரில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதில்தான் ஆச்சியின் பிள்ளை போனான்.

சரி, கரியாஹாட்டுக்கு வருவோம். மதுரைக்காரி இன்னும் நடைபாதையில் நிற்கிறாள். பக்கத்துக் கடையில் குழந்தைத் துணி விற்கும் அம்மாள் எங்கள் பேச்சு புரியாவிட்டாலும் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். "முன்னாடி வாங்கக் கூடாது என்கிறார்களா? எங்களிலும் அப்படித்தான் தீதி" என்று சிரித்தாள். பிறகு, "காந்தாவுக்கு அந்தத் தோஷம் இல்லை. அது வாங்குகிற சாமானா? வீட்டில் தைக்கிறது" என்றாள். காந்தா என்பது பழைய பருத்திப் புடவைகளை நாலைந்து மடிப்பாக அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டுப் பிள்ளைக்குச் செய்யும் விரிப்பு. அலங்காரப் புடவையாகப் பெரிய கடைகளில் விற்பது பிறகு வந்த நாகரிகம், மூலம் இந்தப் பிள்ளைத் துணிதான். விற்க வேண்டியவளே வாங்காதே என்கிறாளே என்று எனக்கு ஆச்சரியம்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் நானே போனில் பேசினேன். எங்க ஆச்சி கதையைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எங்க அத்தைக்கும் அப்படி ஒண்ணு போச்சும்மா" என்றார்கள். கடைசியில் ஒரு உடன்படிக்கை. ஆஸ்பத்திரிக்கு வேண்டியதை வாங்கலாம், தொட்டிலும் தங்கமும் பிறகு. முதல் துணி மட்டும் வீட்டுப் பழந்துணியாக இருக்கட்டும். நல்ல தீர்ப்பு என்றுதான் எனக்குப் பட்டது.

அன்று ராத்திரி பை கட்டினோம். முதலில் காகிதங்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ரத்த வகை, ஆதார், இன்ஷூரன்ஸ் அட்டை எல்லாம் ஒரே ஃபைலில், மேலாக. (2023 அக்டோபருக்குப் பின் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். பெயர் எழுத்துக்களைச் சரிபாருங்கள், பின்னால் அலைய முடியாது.) முன்பக்கம் திறக்கிற நைட்டி மூன்று, பெரிய நாப்கின், செருப்பு, சோப்பு, போன் சார்ஜர். பிள்ளைக்கு 'நிமா', அதாவது முன்னால் முடிச்சுப் போடும் சின்னச் சட்டை, ஆறு. தொப்பி, சாக்ஸ். மை டப்பாவும் பவுடரும் வசம்பும் அவள் எடுத்து வைத்ததை நான் வெளியே எடுத்தேன். சேனைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், முதல் மணி நேரத்தில் தாயின் சீம்பால் போதும். தொப்புளில் எதுவும் தடவாதே, காய்ந்து தானாக விழட்டும். மற்றதெல்லாம் டாக்டர் சொல்வதுதான் என்று சொன்னேன்.

கடைசியாக என் அலமாரியிலிருந்து ஒரு துண்டை எடுத்தேன். அம்மா கொண்டுவந்த வேட்டிகளில் மிச்சம் இருந்த ஒன்று. அப்பா இப்போது இல்லை. கொதிக்கவைத்து, அந்த வாரம் அடித்த வெயிலில் வெட்டவெளியில், எல்லோர் கண்ணிலும் படும்படி காயப்போட்டு, இஸ்திரி போட்டிருந்தேன். பையில் மேலாக வைத்தேன்.

பெண் குழந்தை. மூன்றே கால் கிலோ. எட்டாம் நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன். வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். படியிறங்கும்போதே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"இன்னிக்கு எட்டாவது நாளும்மா."

அம்மாவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "பால் குடிக்காளாட்டி?" என்றார்கள்.

"நல்லாக் குடிக்கா."